படிக்குத் தார் பூசிய மில்வி

குழந்தையைத் தூக்குவதுபோலக் கேமராவைத் தூக்கிக்கொண்டு எங்கெங்கிருந்தோ ஆட்கள் சூர்ஸோ சதுப்புக்கு வந்து கரடி பார்த்துவிட்டுப் போனார்கள். ஊர்ப் பிள்ளைகளோ கரடியை மிட்டாய்த் தாளில்தான் பார்த்திருந்தார்கள். மில்விக்கு அது பொறுக்கவில்லை.

எஸ்தோனியாவின் கிழக்கு ஓரத்தில் இருக்கும் அந்த ஊரில் அவள் பாலர் பள்ளி ஆயாவாக இருந்தவள். மதியக் கஞ்சி முடிந்ததும் உள்ளங்கையைக் கவிழ்த்து மெல்லக் கீழே இறக்குவாள். அவ்வளவுதான், பிள்ளைகள் கட்டிலில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்ளும். அதட்டுவது, மிரட்டுவது எல்லாம் அவளுக்கு வராது. ஊரில் பிள்ளைகள் குறைந்து பள்ளியை மூடியபோது, சதுப்பின் நடுவே கரடி பார்ப்பதற்கென்று கட்டிய மரக்குடிலைப் பார்த்துக்கொள்ளும் வேலை அவளுக்குக் கிடைத்தது. போர்வை உதறுவாள், சன்னல் துடைப்பாள், கரடி தேடி வந்தவர்களின் கொசுக்கடிக்கு வைத்தியம் சொல்வாள்.

ஊர்ப் பிள்ளைகளையும் குடிலுக்குள் விடச் சொல்லி, சதுப்புக் காப்பகத்தின் காவலன் ஹெய்டோவை அவள் நச்சரிக்காத நாளில்லை.

"சின்னப் பிள்ளைங்க ஒரு மாலை முழுக்க வாயை மூடிக்கிட்டு இருக்குமா, அக்கா? எங்க வீட்டுல ஒருத்தி தூக்கத்துலகூடப் பேசுறா."

"அது நீ வளர்த்த லட்சணம். நான் வளர்த்ததை வந்து பாரு."

கடைசியில் அவன் இறங்கி வந்தான். ஒரே ஒரு மாலை, ஐந்து பிள்ளைகள், அவனும் கூட இருப்பான். கரடியை விரட்ட விசில் ஊதவேண்டி வந்தால் அத்தோடு சரி, பிள்ளைகள் பேச்சையே அப்புறம் எடுக்கக் கூடாது.

ஜூன் மாதம். இரவுச் சாப்பாடு முடிந்தும் பொழுது சாயாத நாட்கள். பலகைப் பாதையில் வரிசையாக நடந்து வந்த பிள்ளைகள் காலணியைக் கழற்றிவிட்டு, கம்பளிக் காலுறையோடு குடிலுக்குள் போனார்கள். ஹெய்டோ மட்டும் வாசலில் நின்று மூக்கை உறிஞ்சினான்.

"என்னக்கா வாடை இது?"

"படிக்கு மரத்தார் பூசினேன். பிள்ளைங்க முதமுதலா வருதுங்க, வாசல் அழுக்கா இருந்தா நல்லாவா இருக்கும்?"

ஹெய்டோ தலையில் கைவைத்துக்கொண்டான். "தாருன்னா கரடிக்கு உசிரு. நானே அது வரணும்னா அடிமரத்துல தாரைத்தான் தடவுவேன். நீ வாசல்லயே விருந்து வச்சிருக்கியே."

மில்விக்கும் இது தெரியாததல்ல. ஆனால் விருந்தாளி வருகிறார் என்றால் அந்த ஊர்ப் பெண்களுக்குத் தூரிகை தானாகக் கைக்கு வந்துவிடும், புத்தி பிறகுதான் வரும். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை. திரும்பிப் போகவும் வழியில்லை. சதுப்பின் எதிர் ஓரத்தில் கரடி வந்து நின்றுவிட்டது.

பிள்ளைகள் சன்னலோடு ஒட்டிக்கொண்டன. ஒன்றுகூட வாய் திறக்கவில்லை. பஞ்சுப்புல்லுக்கு நடுவே அது மூக்கைத் தூக்கியது. பிறகு, பழகிய வீட்டுக்கு வருவதுபோல நேராகக் குடிலை நோக்கி நடந்து வந்தது.

படி முனகியது. முதுகு பலகையில் தேய்கிற சத்தம். சுவர் குலுங்கி, கொக்கியில் தொங்கிய குவளைகள் மோதிக்கொண்டன. சுவர் தடித்த பலகைதான், கதவுக்குத் தாழ்ப்பாளும் போட்டிருந்தது. பயமெல்லாம் பிள்ளைகளைப் பற்றித்தான். ஒன்று வீறிட்டால் ஐந்தும் வீறிடும். ஹெய்டோவின் கை விசிலுக்குப் போனது.

மில்வி உள்ளங்கையைக் கவிழ்த்தாள். மெல்லக் கீழே இறக்கினாள்.

ஐந்து பேரும் பலகைக் கட்டிலில் சாய்ந்து, போர்வையைக் கழுத்துவரை இழுத்துக் கண்ணை மூடிக்கொண்டார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் கரடி சொறிந்துகொண்டது. இந்தப் பக்கம் பிள்ளைகள் சீராக மூச்சுவிட்டன. ஹெய்டோ விசிலை விட்டுவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல், அவனும் தரையில் படுத்துக்கொண்டான்.

சொறிந்து முடித்த கரடி தன் வழியே போயிற்று. அதன் பிறகும் பிள்ளைகள் எழவில்லை. மில்வி போய் ஒவ்வொரு தலையாகத் தடவினாள். பள்ளி போனாலும் பிள்ளைகள் போகவில்லை என்று நினைத்தபோது கண் கலங்கிவிட்டது.

"போயிருச்சா, அத்தை?" என்றாள் ஐவரில் ஒருத்தியான கெர்த்து.

"போயிருச்சு கண்ணு."

ஹெய்டோ சட்டையைத் தட்டிக்கொண்டு எழுந்தான். "அடுத்த வாரம் அஞ்சு பேரைக் கூட்டிட்டு வாக்கா. எங்க வீட்டு வாயாடியையும் சேர்த்து ஆறு."

"ரொம்ப நன்றிப்பா" என்றாள் மில்வி. அவனுக்குச் சொன்னது போதாது என்று தோன்றியது. சன்னலுக்குப் போய், வெறும் சதுப்பைப் பார்த்து இன்னொரு முறை சொன்னாள்.

சாலையில் தாய்மார்கள் காத்திருந்தார்கள். முதலில் அனுப்பவே மாட்டேன் என்று நின்ற கெர்த்துவின் அம்மா, மகளை வாரி எடுத்தாள்.

"கரடியைப் பார்த்தியாடி?"

"கொஞ்சந்தாம்மா பார்த்தேன்" என்றாள் கெர்த்து. "அது முதுகு சொறிஞ்சிக்க எங்ககிட்ட வந்துச்சு. நாங்க தொந்தரவு பண்ணல."