கெர்ன்சி லில்லியும் முத்துக்கருப்பனும்

தினமும் காலையில் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று என் அப்பாவைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார் பக்கத்து வீட்டு மார்த்தா. "குட் மார்னிங், மிஸ்டர் முத்துக்கருப்பன்!" அப்பாவோ மதுரை பழங்காநத்தத்தில் டீக்கடை பெஞ்சில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். பாஸ்போர்ட்டுக்காக என் இனிஷியலை விரித்தெழுதியதில் அப்பா பெயரே என் சர்நேம் ஆகிவிட்டதன் பலன் இது. கேப்டவுன் வந்ததிலிருந்து குமரேசன் என்ற என்னைக் காணவில்லை. எங்கள் தெருவில் எவனாவது இப்படி அப்பன் பெயரைச் சொல்லிக் கத்தியிருந்தால் சட்டையைப் பிடித்திருப்பேன். "அது என் அப்பா பெயர்" என்று மார்த்தாவிடம் ஒருநாள் சொல்லியும் பார்த்தேன். "என் சர்நேமும் அப்பாவுடையதுதான்!" என்று மகிழ்ந்துபோய்க் கைகொடுத்தார்.

போன வாரம் அவர் தொட்டியில் கிழங்கிலிருந்து நேராகத் தண்டு கிளம்பி, சிவப்பாக ஒரு பூ பூத்திருந்தது. பெயர் கெர்ன்சி லில்லியாம். கெர்ன்சி எங்கே இருக்கிறது? இங்கிலாந்துக்குத் தெற்கே ஒரு தீவு. பூ எங்கே பிறந்தது? எங்கள் வீட்டுக்குப் பின்னால் நிற்கிற டேபிள் மலையில்! கப்பல் உடைந்து கிழங்குகள் அந்தத் தீவில் கரையொதுங்கி முளைத்தன என்று ஒரு கதை. படித்தவர்களே முதலில் ஜப்பான் பூ என்று நம்பினார்களாம். கடைசியில் வைத்த லத்தீன் பெயர் நெரினி சார்னியென்சிஸ். முன்பாதி ஏதோ கடல் தேவதை, பின்பாதி அதே தீவின் பழைய பெயர். மலையில் பிறந்தவளின் பெயரில் ஒரு பிடி மலைமண்கூட இல்லை. வயிறு வலிக்கச் சிரித்தேன். மறுநாள் பிறப்புப் பதிவு அலுவலகத்தில் அந்தச் சிரிப்பு நின்றது.

என் மகள் யாழினி பிறந்து பத்து நாள். "சர்நேம் முத்துக்கருப்பன்தானே?" என்று எழுதப்போன அலுவலரை நிறுத்திவிட்டு அப்பாவுக்குப் போன் போட்டேன்.

"கிறுக்குப் பயலே, புள்ளைக்கு அப்பன் பேருதானடா வரணும்? எம் பேரப் போட்டா ஒன்னைய அவளுக்கு அண்ணேன்னுல்ல நெனப்பாய்ங்க!"

"இங்கிட்டு அப்படித்தாம்ப்பா. அவளுக்கு, அவ தம்பி தங்கச்சிக்கு, எல்லாருக்கும் ஒங்க பேருதான்."

டீ கிளாஸை டொக்கென்று வைக்கிற சத்தம் கேட்டது. கோபம் என்று நினைத்தேன். உள்ளுக்குள் அந்தக் கோபம் எனக்கு வேண்டியிருந்தது. என் மகளுக்குப் பின்னால் என் பெயர் வர வேண்டும் என்று எனக்கு அம்புட்டு ஆசை.

"அப்ப நான் போன பெறகும் கூப்பிடுவாய்ங்களா?"

"ஆமாப்பா."

"இங்கன எம் பேரு ஒன்னோட முடிஞ்சுரும்டா. அங்கிட்டாச்சும் இருந்துட்டுப் போகட்டும். எழுது."

விமானத்தைப் பக்கத்தில்கூடப் பார்த்திராத மனிதர். எழுதினேன். யாழினி முத்துக்கருப்பன். பேத்தியும் தாத்தாவும் ஒட்டி உட்கார்ந்துகொண்டார்கள். நடுவில் எனக்கு இடமில்லை.