பெரட்டு நேரத்தில் பாஸ்வர்ட் மாற்றியவன்

கணினிப் பாதுகாப்பு வேலையில் இருந்துகொண்டு புரோஜெக்ட் மேனேஜ்மென்ட் சர்டிபிகேட்டுக்குப் படிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் முதல் தடவையிலேயே தேறியவன். பாரோயில் இருக்கும் என் வீட்டு ஹாலில் சர்டிபிகேட்டை பிரேம் போட்டு மாட்டினேன். அடுத்த வாரமே பாஸ் ஒரு புரோஜெக்ட் கொடுத்தார்.

"இத ஒழுங்கா முடி லா. அடுத்த புரோஜெக்ட் மேனேஜர் நீதான்."

லுக்குட் பக்கத்துச் செம்பனை எஸ்டேட்டில் பழைய பாஸ்வர்டையெல்லாம் நீக்கிப் புதிய லாகின் கொடுக்க வேண்டும். ஆபீஸ் திறப்பது எட்டு மணிக்கு. ஆகவே ஆறிலிருந்து எட்டுவரை சிஸ்டத்தை நிறுத்தத் திட்டம் போட்டேன். 'யாருக்கும் பாதிப்பில்லை' என்று எழுதிக் கலர் சார்ட்டும் வைத்தேன்.

அன்று ஆறே காலுக்கு எஸ்டேட் ஆபீஸில் பேர்ப்பதிவும் கணக்கும் பார்க்கும் கிராணி சரசக்கா போன் செய்தார்.

"தம்பி, பெரட்டு நேரத்துல சிஸ்டத்த அடைச்சிட்டியே! எம்பது பேரு வெளிய நிக்குறாங்க. ஏழு மணிக்குள்ள பேரு ஏத்தலன்னா அத்தன பேருக்கும் ஆப்சென்ட் விழும் லா!"

விடியலில் ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிட்டு வேலை பிரிப்பதுதான் பெரட்டு. எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. என் அம்மா பல வருடம் பெரட்டில் நின்றவர்.

பாதியில் நிறுத்தத் திட்டத்தில் வழி வைக்கவில்லை. அதுவும் பரீட்சையில் வந்த கேள்விதான், சரியாக எழுதியிருந்தேன். காரை எடுத்துக்கொண்டு ஓடினேன். சரசக்கா காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எண்பது பேரையும் எழுதி வைத்திருந்தார். எட்டு மணிக்கு சிஸ்டம் திறந்ததும் இருவரும் உட்கார்ந்து ஒவ்வொரு ஆப்சென்ட்டாக மாற்றினோம்.

"ஏன் தம்பி, நீயும் எஸ்டேட்டுப் புள்ளதானே?"

"மறந்துட்டேன்க்கா."

வெட்கமாக இருந்தது.

மதியம் பாஸ் கூப்பிட்டார். "ரிப்போர்ட்ல கிராணிக்கு ட்ரெயினிங் பத்தலன்னு போட்டுடு. ஒரு வார்னிங் லெட்டரோட முடிஞ்சிரும்."

"யாருக்கு லெட்டர், பாஸ்?"

"கிராணிக்குத்தான். உனக்கா குடுப்பாங்க?"

மேனேஜர் பதவி எனக்கு வேண்டியிருந்தது, பொய் சொல்ல மாட்டேன். அரை மணி நேரம் கீபோர்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு எழுதினேன்: 'காரணம்: பெரட்டு நேரத்தை நான் விசாரிக்கவில்லை. கிராணி மேல் தவறில்லை.'

பாஸ் படித்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார். "பெரட்டுன்னா என்னா லா?"

சொன்னேன். அடுத்த புரோஜெக்ட் வேறொருவருக்குப் போனது. சரசக்காவுக்கு லெட்டர் போகவில்லை.

சர்டிபிகேட்டைப் புதுப்பிக்கும்போது, வேலையில் புதிதாக என்ன கற்றாய் என்று படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது. 'பெரட்டு காலை ஆறு மணிக்கு' என்று எழுதினேன்.

ஏற்றுக்கொண்டார்கள்.