கல்யாண மண்டபத்தில் உட்கார வைத்தால் அது கைதா?

அமெரிக்க விசா படிவம் நிரப்பிக் கொடுப்பது என் வேலை. அடுத்தவர் வாழ்க்கையை ஆமா, இல்லை என்று பிரித்துப் போட்டுப் பார்த்தவர்களுக்கு என் தலைவலி புரியும். பன்னிரண்டாவதோடு படிப்பை விட்டுவிட்டுத் தூத்துக்குடியில் ஒரு நெட் சென்டரில் இருக்கிற பெண் நான். அமெரிக்கத் துறைமுகத்துக்குப் போகிற கப்பல் என்றால் அதில் வேலை பார்ப்பவருக்கும் விசா வேண்டும். கப்பலில் வேலை பார்க்கிற ரூபன் அண்ணன் அதற்குத்தான் வந்தார். இரண்டு வருடம் சும்மா கிடந்து கிடைத்த கப்பல். விசா இல்லையென்றால் அந்த இடம் வேறு ஆளுக்கு.

எந்தக் குலம்?

எல்லாரும் சமமாகப் பிறந்தவர்கள் என்று எழுதித் தொடங்கின நாடு என்று வரலாற்றுப் பாடத்தில் படித்தேன். எழுதினவர்கள் வீட்டிலேயே அடிமைகள் இருந்தார்கள் என்று டீச்சர் சொன்னார். அப்போதே குழம்பினேன். இப்போது படிவம் கேட்கிறது: நீங்கள் ஏதாவது குலத்தையோ இனக்குழுவையோ சேர்ந்தவரா? நெட் சென்டர் முதலாளி அண்ணாச்சி எட்டிப் பார்த்து, "சாதியைத்தான் சுத்தி வளைச்சுக் கேக்கான், போடு" என்றார். நான் 'இல்லை' போட்டேன். சரியா தப்பா, தெரியாது. ரூபன் அண்ணன் முகம் தொங்கிவிட்டது. "ஏளா, கடல் தாண்டியுமா இதைக் கேப்பான்?"

ஆமாவா, இல்லையா?

அடுத்தது: எப்போதாவது கைதானீர்களா? ரூபன் அண்ணன் குடிதண்ணீர் கேட்டுத் தெரு ஜனத்தோடு சேர்ந்து ரோட்டை மறித்தவர். நம்ம ஊர் வழக்கம் தெரியுமே. வேனில் ஏற்றி, கல்யாண மண்டபத்தில் வைத்து, சாம்பார் சாதம் கொடுத்து, சாயங்காலம் விட்டுவிட்டார்கள். கேஸ் கிடையாது. இது கைதா, விருந்தா? கூடிப் பேச உரிமை உண்டு என்று சட்டமே எழுதி வைத்த நாடு இதை ஏன் கேட்கிறது? அங்கே பிடிபட்டவன் வாயைத் திறக்காமல் இருக்கலாம் என்று போலீசே சொல்லுமாம். படிவத்தில் அதற்கு இடமில்லை. ஏதாவது ஒன்றைத் தொடாவிட்டால் அடுத்த பக்கம் வராது.

"இல்லைன்னு போடுளா" என்றார் அண்ணாச்சி. ஆனால் ஃபேஸ்புக் கணக்கை ஏற்கெனவே கொடுத்தாயிற்று. அதில் ரூபன் அண்ணன் மண்டபத்தில் சோற்றுப் பொட்டலத்தோடு சிரிக்கிறார். மேலே 'கைதாகிவிட்டோம்' என்று பெருமையாக எழுதியிருக்கிறார். பொய் சொல்லி மாட்டினால் எந்தக் கப்பலும் கிடைக்காது என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டேன். ரூபன் அண்ணன் திரையில் 'ஆமா'வை விரலால் தொட்டுக் காட்டினார். "ஆமான்னு போடு. தண்ணிதான கேட்டேன், திருடலையே."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம்

அவர் சென்னைக்கு விசா நேர்காணலுக்குப் போன அன்று எனக்கு வேலை ஓடவில்லை. நான் தட்டின ஒரு 'ஆமா'வில் அவர் பிழைப்பே போகலாம். மறுநாள் வந்தார். விசா உண்டு என்று சொல்லி, அதை ஒட்டித் தரப் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார்களாம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரியம்மா கைதைப் பற்றி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாராம்: அப்புறம் தண்ணீர் வந்ததா? "வரலைன்னேன். ஏளா, நம்ம ஊர்ல ஒரு ஆபீசர்கூட இன்னும் அதைக் கேக்கல, பாத்துக்க."

இந்த வேலைக்கு வந்ததிலிருந்து எனக்கு அமெரிக்காவும் புரியவில்லை, நம்ம ஊரும் புரியவில்லை, டைப்பிங் மட்டும் வேகமாகியிருக்கிறது.