இராசம்மா பெயருக்கு வந்த கடிதங்கள்

நல்லுசாமி தோட்டத்து டிரசர், டாக்டர் இல்லாத இடத்தில் வைத்தியம் பார்ப்பவர். தானா ராத்தாவிலிருந்து ஒன்பது மைல் தள்ளி, தேயிலை மலைச்சரிவில் இருந்த கிளினிக்கில் இருபத்தாறு வருஷம் ஊசி போட்டார், கட்டுக் கட்டினார், மருந்து கலக்கிக் கொடுத்தார். அவர் கையால் பிறந்த பிள்ளைகள், தொழிலாளர் வீட்டு வரிசையான லயம் ஒவ்வொன்றிலும் நாலு பேராவது இருந்தார்கள். அதோடு மாரியம்மன் கோயில் கமிட்டிச் செயலாளரும் அவர்தான். இரண்டு பொறுப்பையும் ஒரே ஆளிடம் கொடுக்கலாமா என்று யாருமே யோசிக்கவில்லை. அவரும் யோசிக்கவில்லை. பெரிய மனுஷனாக இருப்பதில் ஒரு ருசி இருக்கிறது, அது அவருக்கு நன்றாகவே பிடித்திருந்தது.

பெரிய வியாதிக்காரர்களைக் கோலாலம்பூர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினால், அவர்கள் திரும்பப் போகவேண்டிய தேதியை ஒரு நீள நோட்டில் முத்து முத்தான கையெழுத்தில் எழுதி வைப்பார். தேதி வந்ததும், வேலைக்கு ஆட்கள் கூடும் காலைப் பெரட்டில் பெயர் சொல்லிக் கூப்பிட்டு விவரம் சொல்வார். எண்பத்து மூன்றில் அந்த ஆஸ்பத்திரிக்குக் கம்ப்யூட்டர் வந்தது. அதன்பிறகு ஓரமெல்லாம் ஓட்டை போட்ட தாளில் தேதி அச்சடித்து வர ஆரம்பித்தது. நல்லுசாமிக்கு அது பிடிக்கவில்லை. ஒரு தடவை தீபாவளியன்றே வரச்சொல்லி அச்சடித்திருந்தது.

"மெஷினுக்கு என்னா தெரியும்? நல்ல நாளு கெட்ட நாளு தெரியுமா?" என்று ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி தங்கராஜுவிடம் சொல்லிச் சிரித்தார். அன்றைக்கு ஆபீஸிலிருந்து போன் போட்டுத் தேதியை இரண்டு நாள் தள்ளி வாங்கினார். அதிலிருந்து அதுவே பழக்கமாகிவிட்டது. மெஷின் ஒரு தேதி சொல்லும், இவர் ஒரு தேதி சொல்வார். எல்லாம் சும்மா பார்த்துவிட்டு அனுப்பும் தேதிகள்தான். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

எண்பத்தைந்து தொடக்கத்தில் ஆறாம் லயத்து இராசம்மா கிளினிக்குக்கு வந்தாள். கொழுந்து பறிப்பவள், நாற்பத்து நாலு வயது, புருஷன் இல்லை, மூன்று பிள்ளைகள். தீட்டு நின்று ஒரு வருஷம் கழித்து மறுபடி உதிரம் படுகிறது என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். நல்லுசாமி அன்றே சீட்டு எழுதி அனுப்பினார். அந்த ஒரு விஷயத்தில் அவர்மேல் குற்றம் சொல்ல முடியாது. ஆஸ்பத்திரியில் கர்ப்பப்பையிலிருந்து துளி சதை எடுத்தார்கள். முடிவு தெரிந்ததும் கடிதம் வரும் என்று சொல்லி அனுப்பினார்கள்.

சித்திரையில் திருவிழா வந்தது. ஞாயிற்றுக்கிழமை காப்புக் கட்டினார்கள். கையில் காப்பு ஏறியவர்கள் திருவிழா முடியும்வரை தோட்டத்து எல்லையைத் தாண்டக்கூடாது. முந்தின வருஷம் காப்போடு தாப்பா டவுனுக்கு இறங்கிப்போன ஆண்டியப்பனைக் கூட்டத்தில் நிற்க வைத்துக் கேள்வி மேல் கேள்வி கேட்டவர் நல்லுசாமி. இந்த வருஷம் இராசம்மாவும் காப்புக் கட்டியிருந்தாள். உடம்பு தேறவேண்டும், தீச்சட்டி எடுக்கிறேன் என்று வேண்டுதல்.

செவ்வாய்க்கிழமை கிளினிக் முகவரிக்கு அவள் கடிதம் வந்தது. பெயருக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி. வரும் வெள்ளிக்கிழமை வந்து படுக்கவேண்டும், புற்றுக்குக் கரண்டு வைக்கும் சிகிச்சை ஆரம்பம் என்று இருந்தது. நட்சத்திரத்துக்கு என்ன அர்த்தம் என்று அடியில் சின்ன எழுத்தில் போட்டிருந்தது: அவசரம். நல்லுசாமி அதைப் படித்தார். படிக்கவில்லை என்று பின்னாளில் தனக்குத்தானே சொல்லிப் பார்த்தார், ஒட்டவில்லை.

அடுத்த புதன்கிழமை தீச்சட்டி. வெள்ளிக்கும் அதற்கும் நடுவே ஐந்து நாள். ஐந்து நாளில் என்ன ஆகிவிடப் போகிறது என்று நினைத்தார். இவளை அனுப்பினால் ஆண்டியப்பன் ஆட்கள் சும்மா இருப்பார்களா என்றும் நினைத்தார். இரண்டில் எதை முதலில் நினைத்தோம் என்பதை அவர் பிறகு ஆயிரம் தடவை தோண்டிப் பார்த்திருக்கிறார். கடிதத்தை மடித்து மேசை இழுப்பறைக்குள் வைத்தார். அவளிடம் கேட்கவே இல்லை.

புதன்கிழமை இராசம்மா தீச்சட்டி எடுத்தாள். மஞ்சள் சேலை, கையில் வேப்பிலை, முகமெல்லாம் வியர்வை. நல்லுசாமி மைக்கைப் பிடித்துக்கொண்டு கூட்டத்துக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தார்.

வியாழக்கிழமை போன் போட்டார். அந்தப் படுக்கையை வேறு ஆளுக்குக் கொடுத்தாகிவிட்டது, இனி ஏழு வாரம் கழித்துத்தான் இடம், வராததற்குக் காரணத்தைக் கடிதத்தின் அடிச்சீட்டில் குறித்து அனுப்புங்கள் என்றார்கள். அவர் கெஞ்சினார். முதல் தடவையாகக் கெஞ்சினார்.

அடிச்சீட்டில் நாலு கட்டம் இருந்தது. முகவரி மாறினார். வாகன வசதி இல்லை. நோயாளி மறுத்தார். இறந்தார். டிரசர் கடிதத்தைக் கொடுக்கவில்லை என்று ஒரு கட்டம் இல்லை. முகவரி மாறவில்லை, தோட்டத்து லேண்ட்ரோவர் கிளினிக் வாசலிலேயே நின்றது. மறுத்தார் என்ற கட்டத்தில் கோடு போட்டு அனுப்பினார். காப்புக் கட்டியிருந்தவள், கேட்டிருந்தால் மறுத்துத்தான் இருப்பாள் என்று சமாதானம் செய்துகொண்டார். பிள்ளைக்காரி அப்படி மறுப்பாளா என்று உள்ளே இன்னொரு குரல் கேட்டது.

ஜூனில் அவரே கூடப் போனார். தாப்பா மலைப்பாதை வளைவுகளில் இராசம்மா நாலு தடவை வாந்தி எடுத்தாள். ஒவ்வொரு தடவையும் தண்ணீர் கொடுத்தார். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அச்சுத்தாளைப் பார்த்துவிட்டு நல்லுசாமியிடம் இங்கிலீஷில் கேட்டார்: "போன தடவை ஏன் வரமாட்டேன் என்றார்கள்? இந்த ஏழு வாரத்தில் எவ்வளவு பரவியிருக்கிறது தெரியுமா?"

இராசம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. "டாக்டரம்மா என்னா கேக்குறாங்க டிரசரையா?" என்றாள்.

"வலி இருக்கான்னு கேக்குறாங்க."

"இருக்குதான். பொறுத்துக்கலாம்னு சொல்லுங்க லா."

நல்லுசாமி டாக்டரம்மாவிடம் திரும்பி, "பயந்துவிட்டார்கள்" என்று இங்கிலீஷில் சொன்னார். டாக்டரம்மா இராசம்மாவைப் பார்த்து வருத்தத்தோடு தலையை ஆட்டினார். ஆறுதல் சொல்கிறார் என்று நினைத்து இராசம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். அந்தக் கும்பிடு நல்லுசாமியை விடவே இல்லை. ரொம்ப நாள் சாமி முன்னால் நின்றும் அவரால் கையைக் கூப்ப முடியவில்லை. கமிட்டி வேலையை உடம்பு சரியில்லை என்று சொல்லி விட்டுவிட்டார்.

எண்பத்தாறு பிப்ரவரியில் இராசம்மா போய்ச் சேர்ந்தாள். முன்னமே போயிருந்தாலும் பிழைத்திருப்பாள் என்று சொல்ல முடியாது என்றார் ஆஸ்பத்திரியில் ஒருவர். பிழைத்திருக்கமாட்டாள் என்றும் அவர் சொல்லவில்லை.

செய்தி மெஷினுக்குத் தெரியாது. மார்ச்சில் அவள் பெயருக்கு ஒரு கடிதம் வந்தது, மறு பரிசோதனைக்கு வரச்சொல்லி. ஏப்ரலில் இன்னொன்று. இறந்தார் என்ற கட்டத்தில் ஒரு கோடு போட்டு அனுப்பினால் நின்றுவிடும். நல்லுசாமிக்குக் கை வரவில்லை. இழுப்பறையில் அடுக்கி வைத்தார்.

மே மாசம் ஒரு சாயங்காலம் மூத்த மகள் சீதா வந்தாள். பத்தொன்பது வயது, பிரிஞ்சாங்கில் பூக்கடையில் வேலை. அவளும் நல்லுசாமி கையால் பிறந்தவள்தான்.

"மாமா, அம்மா பேரு போட்ட காயிதம் ஏதாச்சும் இருக்கா? அடையாள கார்டு, அந்த ஐசியையும் கவர்மெண்டுல எடுத்துக்கிட்டாங்க. வீட்டுல அம்மா பேரு உள்ளது ஒண்ணுகூட இல்ல."

இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இழுப்பறையில் மேலே இருந்ததை எடுத்துக் கொடுத்தார். தாயின் பெயரை விரலால் தடவிவிட்டு, கீழே அச்சாகியிருந்த பழைய தேதிகளின் விவரத்தை சீதா படித்தாள். மலாய்ப் பள்ளியில் படித்தவள், மலாயில் இருந்த கடிதத்தைத் தடங்கல் இல்லாமல் படித்தாள்.

"ஏப்ரல் எண்பத்தஞ்சு. வரல. நோயாளி மறுத்துட்டாங்கன்னு போட்டிருக்கு மாமா." தாளை அவர் பக்கம் திருப்பிக் காட்டினாள். "அம்மா வேணாம்னா சொன்னாங்க? நாங்க மூணு பேரு இருக்கமே. எங்களை நெனச்சுக்கூடப் பாக்கலியா?"

மெஷின் தப்பாகப் போட்டுவிட்டது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மெஷினுக்கு ஒன்றும் தெரியாது என்று தோட்டம் முழுக்கச் சொல்லி வைத்தவர் அவர்தானே, எல்லாரும் நம்புவார்கள். ஆனால் மெஷின் தப்பே செய்யவில்லை. அவசரம் என்று சொன்னது. இவர் சொல்லிக் கொடுத்ததை அப்படியே திருப்பிச் சொன்னது. செத்தவள்மேல் மகளுக்குக் கோபம் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு நல்லுசாமியால் உட்கார்ந்திருக்க முடியவில்லை.

"உங்கம்மா மறுக்கல. அவங்களுக்குக் கடுதாசி வந்ததே தெரியாது. நான்தான் குடுக்கல" என்றார். பிறகு காப்பு, ஆண்டியப்பன், நாலு கட்டம், டாக்டரம்மா கேட்டது, இவர் சொன்னது, எல்லாவற்றையும் சொன்னார். எதையும் குறைக்கவில்லை.

சீதா மேசைமேல் இருந்த நீள நோட்டை அவர் பக்கம் தள்ளினாள்.

"இப்ப சொன்னதை எழுதுங்க. ஆஸ்பத்திரிக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு."

அவர் எழுதினார். இருபத்தாறு வருஷம் ஊரே பாராட்டிய கையெழுத்து அன்றைக்குக் கோணிக் கோணிப் போயிற்று. அவள் நின்றபடியே இரண்டையும் படித்துப் பார்த்தாள். படித்துவிட்டுத் தாள்களை மறுபடி அவர் முன்னால் வைத்தாள்.

"கையெழுத்துப் போடுங்க டிரசரையா" என்றாள்.

பேச ஆரம்பித்த நாளிலிருந்து அவரை மாமா என்று கூப்பிட்டவள். நல்லுசாமி கையெழுத்துப் போட்டார்.