பீப்பாய்க்குப் பத்தியம்

எங்கள் தெருவில் எல்லோரும் அவளை வக்கீலம்மா என்றுதான் கூப்பிடுவோம். நீதிமன்ற வாசலை அவள் மிதித்ததே இல்லை. முன்பு தையல் கம்பெனியில் வேலை பார்த்தபோது, கழிப்பறைக்குப் போக மேற்பார்வையாளரிடம் சீட்டு வாங்க வேண்டும் என்று ஒரு விதி வந்தது. "என் வயிறு உங்க சீட்டுக்காகக் காத்திருக்காது சார்" என்று அத்தனை பேர் முன்னாலும் சொல்லிவிட்டு எழுந்து போனாள். வேலை போயிற்று, பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது. அதற்குப் பிறகுதான் ஊருக்கு வெளியே இருந்த சவாரிப் பள்ளியில் குதிரைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குச் சேர்ந்தாள். "குதிரை உதைக்கும், ஆனா முதுகுக்குப் பின்னாடி பேசாது" என்பாள்.

அங்கே இருந்த குதிரைகளில் ஒன்றுக்குப் பீப்பாய் என்று பெயர். காற்றைக் குடித்தாலே கொழுக்கும் உடம்பு அதற்கு. சவாரி கற்க வரும் பிள்ளைகளை முதுகில் வைத்துக்கொண்டு பூப்போல நடக்கும். அதனால் ஆளாளுக்கு கேரட், ஆப்பிள், சர்க்கரைக் கட்டி என்று கொண்டுவந்து ஊட்டினார்கள். பிடரிமயிருக்கு அடியில் கழுத்து, தலையணையைச் செருகி வைத்தது போல் திரண்டு நின்றது. பள்ளி முதலாளிக்கு அதில் ஏகப் பெருமை. "என்கிட்ட இருக்கற குதிரை எப்படி இருக்குன்னு பாருங்க" என்று வருபவர்களிடம் எல்லாம் அந்தக் கழுத்தைத் தட்டிக் காட்டுவார்.

ஒரு மழைக்குப் பிறகு மைதானம் முழுக்கப் புல் தளதளவென்று எழுந்தது. வாரம் முழுக்க மேய்ந்த பீப்பாய், ஒரு காலையில் லாயத்தை விட்டு வெளியே வர மறுத்தது. முன்னங்கால்கள் இரண்டையும் முன்னே நீட்டி, உடம்பின் பாரத்தைப் பின்னங்கால்களில் போட்டுக்கொண்டு, தீ மேல் நிற்பது போல் நின்றது.

"சோம்பேறித்தனம். நாலு தட்டு தட்டு, வரும்" என்றார் முதலாளி.

வக்கீலம்மா குனிந்து குளம்பில் கை வைத்தாள். சுட்டது. குளம்புக்கு மேலே நாடி திடும் திடும் என்று அடித்தது. முதலாளியைக் கேட்காமலே கால்நடை மருத்துவருக்குப் போன் போட்டாள்.

மருத்துவர் சின்ன வயதுப் பெண். ரத்தம் எடுத்தார், குளம்பை எக்ஸ்ரே படம் எடுத்தார். மறுநாள் முடிவுகளோடு வந்து, இருவரையும் நிற்க வைத்துப் பொறுமையாக விளக்கினார்.

"சாப்பிடற சர்க்கரைய இதோட உடம்பால சமாளிக்க முடியல. இன்சுலின் கண்டபடி ஏறுது. அது ஏறினா குளம்புக்குள்ள இருக்கற சதை கெட்டுப்போய் வீங்கும். வெளிய இருக்கற ஓடு விரியாது இல்லையா? இறுக்கமான ஷூவுக்குள்ள கால் வீங்கின மாதிரிதான் இப்ப நிக்குது. உள்ள எலும்பு கொஞ்சம் இறங்கியிருக்கு."

"நம்ம சக்கரை நோயா டாக்டர்?" என்று கேட்டாள் வக்கீலம்மா.

"அதேதான்னு சொல்ல முடியாது. அதுக்குச் சொந்தக்காரன்னு வச்சுக்கங்க. பத்தியம் இருந்தா நடக்க வைக்கலாம். ஆனா ஆயுசுக்கும் பத்தியம். பழையபடி சவாரிக்கு வருமான்னு இப்ப சொல்ல முடியாது."

முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார். "சவாரிக்கு வராத குதிரைய வச்சு நான் என்ன அழகா பார்க்க முடியும்? ஊசி போட்டு முடிச்சிடுங்க டாக்டர்."

"அந்தக் கட்டம் இன்னும் வரல சார்" என்றார் மருத்துவர்.

வக்கீலம்மா முதலாளிக்கு நேராகத் திரும்பினாள். "நடக்க முடியலன்னா ஊசின்னா, போன வருஷம் உங்களுக்கு இடுப்பு புடிச்சுக்கிட்டப்போ நாங்க என்ன பண்ணியிருக்கணும் சார்?"

முதலாளியின் முகம் கறுத்தது. "அவ்வளவு அக்கறைன்னா நீயே எடுத்துட்டுப் போ. அப்படியே வேலையையும் விட்டுட்டுப் போ."

"போறேன். அவன் கால் எடுத்து வைக்கிற வரைக்கும் இங்கதான் இருப்போம். அப்புறம் ரெண்டு பேரும் சேர்ந்து போறோம்" என்றாள்.

சொன்னபடியே செய்தாள். ஐஸ் தண்ணீரில் கால்களை நனைத்து, மருந்து கொடுத்து, சூடு தணிந்ததும் குளம்புகளுக்கு அடியில் மெத்தென்ற ரப்பர் வைத்துக் கட்டினாள். லாரியில் மணலைக் கொட்டிப் பரப்பி, அதில் நிற்க வைத்து, பீப்பாயைத் தெருவுக்குக் கொண்டுவந்து சேர்த்தாள்.

அவள் கணவர் தெருமுனையில் பேக்கரி வைத்திருக்கிறார். கடைக்குப் பின்னால், முன்பு ரொட்டி வேன்கள் நின்ற கொட்டகை ஒன்று காலியாகக் கிடந்தது. லாரியிலிருந்து இறங்கிய உருவத்தைப் பார்த்து மனிதர் மாவுக் கையோடு அப்படியே நின்றுவிட்டார்.

"ஒரு ஜீவனைக் கூட்டிட்டு வரேன்னுதானே சொன்ன? நான் நாய்க்குட்டின்னு நினைச்சேனே!"

"நீங்க நாய்க்குட்டியான்னு கேக்கலையே."

பத்தியம் தொடங்கியது. கொட்டகைத் தரையில் கணுக்கால் புதையும் அளவுக்கு மணல் போட்டாள். காய்ந்த புல்லை டிரம்மில் ஊறவைப்பாள். அதிலுள்ள சர்க்கரை இறங்கி, தண்ணீர் டீ நிறத்துக்கு மாறும். அதை வடித்துக் கொட்டிவிட்டு, மிச்சப் புல்லை எடை போட்டு, சின்னக் கண் வலையில் அடைத்துத் தொங்கவிடுவாள். ஒவ்வொரு இழையாக உருவித் தின்ன வேண்டும். பச்சைப் புல் கிடையாது, தானியம் கிடையாது, பழம் கிடையாது.

கொடுமை என்னவென்றால், அடுப்பிலிருந்து ரொட்டித் தட்டு வெளியே வரும்போதெல்லாம் வாசனை நேராகக் கொட்டகைக்குப் போகும். பீப்பாய் கனைக்கும். அந்தக் கனைப்பைக் கேட்டால் கல்லும் கரைந்துவிடும். தெரு முழுக்கப் பேச்சு கிளம்பியது. பக்கத்துக் கடைத் தையற்காரர் சுவருக்கு மேலே தலையை நீட்டி, "பேக்கரிக்காரர் வீட்ல ஒரு வாயில்லா ஜீவன் பட்டினி. கேக்கவே வெக்கமா இருக்கும்மா" என்றார். யாரோ புகாரும் கொடுத்துவிட்டார்கள். விலங்கு நல அதிகாரி ஒருவர் வந்து நின்றார்.

வக்கீலம்மா கதவை விரியத் திறந்தாள். "வாங்க சார். விலா எலும்பு எங்க இருக்குன்னு தேடிக் கண்டுபிடிங்க பாப்போம்."

அதிகாரி தடவினார், அழுத்தினார், மறுபக்கம் போயும் பார்த்தார். எலும்பு தட்டுப்படவில்லை. மருத்துவருக்குப் போன் செய்து பேசினார். போகும்போது, "நீங்க நிறுத்தாதீங்கம்மா" என்றார்.

அவரை வழியனுப்பிவிட்டு, வேடிக்கை பார்த்த கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். "பாவம் பார்க்கறவங்க யாரா இருந்தாலும் செருப்புக்குள்ள நாலு கல்லைப் போட்டுக்கிட்டு ஒரு நாள் முழுக்க நில்லுங்க. அப்புறம் வந்து எனக்குப் புத்தி சொல்லுங்க."

கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டைபோல் இருந்த கழுத்து இளகியது. பீப்பாய் கொட்டகைக்குள் தானாக நடக்கத் தொடங்கியது. அவளும் நிம்மதியாக மூச்சு விட்டாள். அந்த நேரம் பார்த்து நோய் மறுபடி திரும்பியது. மறுபடியும் அதே நிலை, அதே சூடு. மருத்துவர் ரத்தத்தைச் சோதித்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"எங்கிருந்தோ இனிப்பு போகுதுக்கா."

வக்கீலம்மா நேராகத் தையற்காரரிடம் போனாள். "சுவர் ஏறி வந்து திருட்டுத்தனமா ஊட்டறீங்களா?" என்று அவர் வாடிக்கையாளர்கள் முன்னாலேயே பிடித்துக் கத்தினாள். அவர் இல்லவே இல்லை என்று சொன்னதை அவள் நம்பவில்லை.

ஒரு மதியம் புல் வாங்கப் போனவள், கடை பூட்டிக் கிடந்ததால் உடனே திரும்பினாள். கொட்டகையில் அவள் கணவர் கவிழ்த்துப் போட்ட டின் மேல் உட்கார்ந்திருந்தார். கையில் இனிப்பு பன். பிட்டுப் பிட்டுப் பீப்பாயின் வாயில் வைத்துவிட்டு, உதட்டில் ஒட்டியதை மேல்துணி நுனியால் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தார்.

"எவ்வளவு நாளா நடக்குது?"

அவர் திடுக்கிட்டு எழுந்தார். "தினமும் இல்லம்மா. ரொட்டி வேகும்போது கூப்பிடுது. இத்தனை வருஷமா கடை வச்சிருக்கேன், என் பன்னுக்காக யாரும் இப்படி ஏங்கினது இல்ல. மனசு கேக்கல."

அவள் அவர் கையைப் பிடித்து இழுத்துக் குனிய வைத்து, குளம்பின் மேல் அழுத்தினாள். அடுப்புத் தட்டைத் தொட்டே பழகிய கைதான், இருந்தும் அவர் வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"இதுதான் உங்க பன்னு" என்றாள். "வேலைய விட்டேன். தெரு பூரா சண்டை போட்டேன். ஒரு பாவமும் அறியாத மனுஷனைத் திருடன்னு சொன்னேன். நீங்க என்னடான்னா வீட்டுக்குள்ளயே..."

அவர் மணலில் அப்படியே உட்கார்ந்து அழுதார். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, "நான் என்னதான் பண்ணட்டும்? அது கூப்பிட்டா என்னால வராம இருக்க முடியாது" என்றார்.

"வாங்க. வெறுங்கையோட வாங்க. வந்து சொறிஞ்சு விடுங்க, பேசுங்க, பக்கத்துல உக்காருங்க. அது கூப்பிடறது உங்களைத்தான்னா நீங்க வந்தா போதும். பன்னைத்தான்னா, இந்தக் கொட்டகையில பன்னுக்கு இடம் கிடையாது."

அன்று மாலையே தையற்கடை வாசலில் போய் நின்றாள். "உங்களைத் திருடன்னு சொன்னது தப்பு. நான் பட்டினி போடறேன்னு நீங்க சொன்னதும் தப்பு. சரியாப் போச்சு" என்றாள். அவருக்குச் சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியவில்லை. கடைசியில் சிரித்துவிட்டார்.

எல்லாம் முதலிலிருந்து மறுபடி ஆரம்பம். இந்த முறை புல் ஊறவைக்கும் வேலையைப் பேக்கரிக்காரர் எடுத்துக்கொண்டார். மாவு பிசைந்த கைக்கு அது ஒரு பாரமாகவே தெரியவில்லை. லாடக்காரர் மாதாமாதம் வந்து, மருத்துவர் எடுத்த படத்தைப் பார்த்துக் குளம்பின் முன்பக்கத்தைச் செதுக்கி விட்டுப் போனார். புதுக் குளம்பு மேலிருந்து மெல்ல மெல்ல வளர்ந்து இறங்கியது. கெட்ட பகுதி முழுக்கத் தேய்ந்து போகக் கிட்டத்தட்ட ஒரு வருடம் ஆயிற்று.

பீப்பாய் இளைத்து, விலா எலும்பு கைக்குத் தட்டுப்படும் நிலைக்கு வந்திருந்தபோது முதலாளி காரில் வந்து இறங்கினார். சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "ஆளே மாறிட்டானே! பிள்ளைங்க இன்னும் இவனைக் கேக்கறாங்க. திருப்பிக் குடுத்துடு. உன் வேலையும் உனக்கே."

"அங்க மைதானத்துல புல்லு இருக்கா சார்?"

"நிறைய இருக்கு."

"அப்ப பிள்ளைங்களை இங்க அனுப்புங்க. கேரட் இல்லாம வரச் சொல்லுங்க."

கொஞ்ச நாளில் இரண்டு பிள்ளைகள் உண்மையாகவே வந்தார்கள். இன்னும் வருகிறார்கள். எடை குறைந்த பிள்ளைகளை மட்டும் கொஞ்ச நேரம் ஏற்றலாம் என்று மருத்துவர் சம்மதித்திருக்கிறார். இருந்தாலும் ஒவ்வொரு முறையும் ஒரு எச்சரிக்கையோடுதான் முடிப்பார். "அக்கா, இது குணமாயிடுச்சுன்னு மட்டும் நினைச்சிடாதீங்க. இவன் இருக்கற வரைக்கும் இதுவும் கூடவே இருக்கும்."

"இருந்துட்டுப் போகட்டும் டாக்டர். நாங்களும் இருக்கோம்ல" என்பாள் வக்கீலம்மா.

காலையில் கடைகள் திறக்கும் நேரத்தில் பீப்பாயின் வாய்க்குக் கூடை மாட்டி, கயிற்றைப் பிடித்துக்கொண்டு கிளம்புவாள். பாதை ஓரத்துப் புல்லைப் பார்த்து அது மூக்கை நீட்டும், கூடை தடுக்கும், ஒரு செருமல் செருமும். தெருக்கோடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியைத் தாண்டியதும் திடீரென்று உற்சாகம் பிறந்து துள்ளி ஓடத் தொடங்கிவிடும். "டேய், மெதுவா போடா!" என்று கத்தியபடி, முழங்கால் வலியோடு அவளும் பின்னாலேயே ஓடுவாள்.