அம்மாவின் போனில் இருந்த சண்டை

எங்கள் கலியாணத்தில் போனைத் தூக்கியவர்கள் எல்லோருக்கும் என் அண்ணையிடம் ஏச்சு விழுந்தது. படம் பிடிப்பது அவருடைய தொழில். “உந்தப் போனுகளைக் கீழை வையுங்கோ, என்ரை படம் பழுதாப் போகும்” என்று மணவறைக்கு முன்னாலேயே கத்தினார். பிறகு நானும் என் கணவரும் போன இடமெல்லாம் அந்தப் பெரிய கமராவோடு வந்தார். என் கணவரோ போனில் படமே எடுக்காத பிறவி. மூன்று கிழமை லீவு முடிந்ததும் கனடா திரும்பிவிட்டார்.

ஒரு வருடம் கழித்து எனக்குக் கனடா விசா நேர்முகம் வந்தது. சாவகச்சேரியில் விசா அலுவல் பார்க்கிற அக்கா, அண்ணை செய்த கலியாண அல்பத்தில் இரண்டு பக்கம் புரட்டிவிட்டு மூடினார்.

“தங்கச்சி, உப்பிடி ஆரும் காசு குடுத்து எடுக்கலாம். விசாவுக்காகக் கட்டின கலியாணமோ எண்டு அவங்களுக்குச் சந்தேகம் வரும். ரெண்டு பேரும் சும்மா நிக்கிற படம் ஒண்டும் இல்லையோ?”

விசாவை மறுத்துவிட்டால் இன்னும் எத்தனை வருடம் போனிலேயே குடும்பம் நடத்துவது?

புத்தூரில் வீட்டுக்கு வந்து சொன்னதும் அண்ணை, “கொம்பியூட்டரிலை ரெண்டு பேரும் குசினியிலை சமைக்கிற மாதிரி நிப்பாட்டித் தாறன்” என்றார்.

“கள்ளப் படம் குடுத்து நான் மறியலிலை கம்பி எண்ணவோ?” என்று பாய்ந்தேன். அன்று முழுக்க அவரோடு கதைக்கவில்லை.

மறுநாள் காலை அம்மா தன் போனை நீட்டினார். கண்ணாடி வெடித்த பழைய போன். அதில் ஒரு படம்: கலியாணம் முடிந்து கோயிலுக்குப் போன அன்று, தொண்டைமானாற்றுப் பாலத்தடி. பெற்றோல் தீர்ந்த மோட்டார் சைக்கிளை இவர் உருட்டுகிறார். பின்னால் சேலையைத் தூக்கிச் செருகியபடி, வாயை அகலத் திறந்து நான் ஏசுகிறேன். ஓரத்தில் அம்மாவின் விரல். தூரத்தில் அண்ணை எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கொக்கைப் படம் பிடிக்கிறார்.

“வேர்த்து வழியிற முகத்தை ஆர் எடுப்பினம்?” என்று அண்ணை முணுமுணுத்தார். அவருக்கு ரோசம்.

கொழும்பில் நேர்முகத்தன்று கேட்டதற்கெல்லாம் பாடமாக்கியதை ஒப்புவித்தேன். அதிகாரி முகத்தில் ஒரு அசைவும் இல்லை. கடைசியில், நான் பிரதி எடுத்துக் கொடுத்திருந்த அந்தப் பாலத்தடிப் படத்தை எடுத்து, இதில் என்ன நடக்கிறது என்று மொழிபெயர்ப்பாளர் மூலம் கேட்டார்.

“வெளிக்கிடேக்கையே சொன்னனான், பெற்றோல் அடியுங்கோ எண்டு. கேட்டாத்தானே! ‘இருக்கிறதே காணும், காணும்’ எண்டார். கோயிலுக்குக் கட்டின புதுச் சேலை, கரையெல்லாம் சேறு. அதுக்குள்ளை சிரிக்கிறார்! இப்பவும் அப்பிடித்தான், ஒண்டு சொன்னால்...”

நான் எங்கே இருந்து கதைக்கிறேன் என்று திடீரென்று உறைத்தது. எல்லாம் கெட்டது என்று நினைத்தேன். மொழிபெயர்ப்பாளர் சிரிப்பை அடக்க முடியாமல் சொல்லி முடித்தார். அதிகாரி படத்தை மேசையில் வைத்தார். வேறு கேள்வி இல்லை, போகலாம் என்றார்.

வாசலில் அண்ணை அல்பப் பெட்டியைக் கட்டிப் பிடித்தபடி நின்றார். “எந்தப் படத்தைப் பாத்தவை?”

“நீங்கள் கொக்கு எடுத்த அண்டு அம்மா எடுத்ததை.”

இரண்டு கிழமையில் விசா வந்தது. செய்தியைச் சொல்ல இவருக்கு போன் எடுத்தேன். பிறகு கதைக்கிறேன், கார் நடுவழியில் நின்றுவிட்டது என்றார்.