நால்வருக்கு ஒரே அஞ்சல் பெட்டி

செனாய் ஊரில் உணவகம் நடத்தும் நவ்சாத்துக்கு இணையதளம் செய்து கொடுத்த லோஷினிக்குத் தலை வலித்தது. தொழிற்சாலை கேன்டீன் குத்தகைக்கு விண்ணப்பிக்க அன்றே கடைசி நாள்; கடையின் பெயரில் மின்னஞ்சல் வேண்டும். ஒவ்வொரு மின்னஞ்சல் பெட்டிக்கும் மாதக் கட்டணம் உண்டு. நவ்சாத் ஒன்றுக்குத்தான் கட்டுவாராம். ஆனால் தன்னோடு சேர்த்து அண்ணன் தம்பி நால்வருக்கும் தனி முகவரி வேண்டுமாம்.

“ஒருத்தருக்கு மட்டும் கொடுத்தா மத்தவங்க மூஞ்சத் தூக்குவாங்கம்மா. ஃப்ரீயா ஒண்ணும் இல்லையா?”

“ஃப்ரீல அனுப்பினா ஸ்பேம்ல போய் விழும்ணே. கேன்டீன் போயிடும் லா!”

கடைசியில் ஒரே பெட்டியை வாங்கி, நால்வர் பெயரிலும் முகவரி உண்டாக்கி, எல்லாவற்றுக்கும் வருவது அதிலேயே சேரும்படி செய்தாள். விண்ணப்பத்தையும் அனுப்பினாள்.

“யாரு பேர்ல அனுப்பின?”

“உங்க பேர்லதான்.”

“அலமாக், என்னம்மா இது! பெரியண்ணன் இருக்கும்போது என் பேரா?”

லோஷினி பல்லைக் கடித்துக்கொண்டு, பெரியண்ணன் பேரில் அனுப்ப மடிக்கணினியை மறுபடி திறந்தாள்.